வெளிநாட்டு வேலைக்கு எந்தப் படிப்பு? நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

ஒரே கல்லூரி, ஒரே கட்டடம், ஒரே கேன்டீன். ஒருவர் பி.ஃபார்ம் படிக்கிறார், 4 வருஷம். பக்கத்து வகுப்பில் இன்னொருவர் ஃபார்ம்.டி படிக்கிறார், 6 வருஷம். ரெண்டு பேருக்கும் ஒரே ஆசை, அமெரிக்காவில் மருந்தாளுநராக வேலை பார்க்க வேண்டும். பி.ஃபார்ம் படிப்பவர் வகுப்பில் முதல் மாணவராகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்கான முதல் தேர்வுக்கு அவரால் விண்ணப்பிக்கவே முடியாது.

காரணம் ஒரு சின்ன விதி. வெளிநாட்டில் படித்த மருந்தாளுநர்கள் அமெரிக்காவில் உரிமம் வாங்க, எஃப்.பி.ஜி.இ.சி என்ற சான்றிதழை முதலில் பெற வேண்டும். 2003 ஜனவரி 1-ம் தேதி முதல் பட்டம் பெற்றவர்கள் என்றால், அவர்கள் படித்த ஃபார்மசி படிப்பு குறைந்தது 5 ஆண்டுப் பாடத்திட்டமாக இருக்க வேண்டும். நம்ம ஊர் பி.ஃபார்ம் 4 ஆண்டு. அவ்வளவுதான், கதை முடிந்தது. இந்தியாவில் 2008-ல் தொடங்கிய ஃபார்ம்.டி 6 ஆண்டுப் படிப்பு என்பதால் இந்தத் தடை அதற்கு இல்லை.

இது நேற்று வந்த விதி கிடையாது, 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் சேர்க்கை நேரத்தில் இதை எடுத்துச் சொல்லும் ஒரு கல்லூரியை நான் பார்த்ததில்லை. "ஃபாரின்ல நல்ல ஸ்கோப் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே பி.ஃபார்ம் பட்டதாரி அமெரிக்காவில் எம்.எஸ் படித்துவிட்டு, மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாடு, கிளினிக்கல் டேட்டா, ரெகுலேட்டரி போன்ற பிரிவுகளில் வேலை தேடலாம். அங்கே மருந்தாளுநர் உரிமத்தை யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் மருந்தாளுநராக வேண்டும் என்றால் ஓ.எஸ்.பி.ஏ.பி என்ற ஓராண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி, பதிவுத் தேர்வு என்று வேறொரு வழி இருக்கிறது. வளைகுடா நாடுகளில் நடைமுறை அதுவும் இல்லை, வேறு. பட்டம் ஒன்றுதான். நாட்டைப் பொறுத்தும், அங்கே என்ன வேலை பார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தும் அதன் மதிப்பு மாறுகிறது.

அதனால், "எந்த நாடு நல்லது?" என்று கேட்பதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் பார்க்க நினைக்கும் வேலைக்கு அங்கே உரிமம் வேண்டுமா? வேண்டும் என்றால், என் பட்டம் போதும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

உரிமம் கேட்கும் வேலை, கேட்காத வேலை

எல்லா நாடுகளிலும் வேலைகள் இரண்டு வகை. டாக்டர், நர்ஸ், பல் மருத்துவர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், வக்கீல், ஆர்க்கிடெக்ட், பள்ளி ஆசிரியர் போன்றவை பெரும்பாலான இடங்களில் உரிமம் அல்லது பதிவு தேவைப்படும் தொழில்கள். கம்பெனி உங்களைப் பிடித்துப்போய் ஆஃபர் லெட்டர் கொடுத்தாலும், அந்த நாட்டின் கவுன்சிலோ போர்டோ கையெழுத்துப் போடாமல் வேலையைத் தொட முடியாது. சாஃப்ட்வேர், டேட்டா, மார்க்கெட்டிங், டிசைன், சப்ளை செயின் போன்றவற்றில் உரிமம் கிடையாது. அங்கே முடிவெடுப்பது கம்பெனி. அரசு உள்ளே வருவது விசா கட்டத்தில்தான்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி போன்ற கூட்டாட்சி நாடுகளில் இதில் கூடுதல் சிக்கல் உண்டு. பல தொழில்களுக்கான உரிமத்தை அங்கே மாநில, மாகாண அமைப்புகளே தருகின்றன. "கனடாவில் நர்ஸ் ஆவது எப்படி?" என்று தேடினால் கிடைக்கும் பதில் அரைகுறையாகத்தான் இருக்கும். ஒன்டாரியோவிலா, ஆல்பர்ட்டாவிலா என்று கேட்டால்தான் சரியான பதில் வரும்.

அரசாங்கங்கள் பட்டங்களை "பரஸ்பரம் அங்கீகரிக்கும்" ஒப்பந்தம் போடும்போது வரும் செய்திகளில் பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் அப்படி ஓர் ஒப்பந்தம் போட்டன. பிரிட்டனின் ஓராண்டு முதுகலைப் பட்டம் இந்தியாவில் செல்லுமா என்று ரொம்ப நாளாக இருந்த குழப்பம் அதில் தீர்ந்தது. ஆனால் மருத்துவம், நர்சிங், ஃபார்மசி, சட்டம், பொறியியல், ஆர்க்கிடெக்சர் போன்ற தொழிற்பட்டங்கள் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. பட்டத்தைப் படிப்பாக ஏற்றுக்கொள்வது ஒன்று, அதை வைத்துத் தொழில் செய்யவிடுவது இன்னொன்று. தலைப்புச் செய்தியில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

நர்சிங்: வழிகள் நிறைய, வரிசையும் நீளம்

உரிமம் கேட்கும் தொழில்களில் இந்தியர்களுக்கு அதிக வழிகள் திறந்திருப்பது நர்சிங்கில்தான். பி.எஸ்சி நர்சிங் 4 ஆண்டு, ஜி.என்.எம் டிப்ளமோ 3 ஆண்டு. இந்தியாவில் ரெண்டு பேரும் ஒரே வார்டில் வேலை பார்ப்பார்கள். வெளிநாட்டுக்கு என்று யோசித்தால் பி.எஸ்சி பல கேள்விகளைத் தவிர்த்துவிடும். ஏற்கெனவே ஜி.என்.எம் முடித்தவர்கள் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்துக்கொள்ளலாம்.

பிரிட்டனுக்கு என்றால் அங்குள்ள நர்சிங் கவுன்சிலின் கம்ப்யூட்டர் தேர்வு, ஐ.இ.எல்.டி.எஸ் அல்லது ஓ.இ.டி ஆங்கிலத் தேர்வு, பிறகு அங்கே போய் ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வு. அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ்-ஆர்.என் தேர்வு, விசாஸ்கிரீன் சான்றிதழ். அமெரிக்கத் தேர்வில் பாஸாவது பாதி வேலைதான். நர்ஸ்கள் பெரும்பாலும் கிரீன் கார்டு வழியாகத்தான் போகிறார்கள். வேலைவாய்ப்பு கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு இருப்பதால், இந்தியர்களின் வரிசை வருஷக்கணக்கில் நீள்கிறது. வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ எனும் ஆவணச் சரிபார்ப்பும், பிரோமெட்ரிக் தேர்வும். அங்கே பணி அனுபவத்தையும் கேட்பார்கள்.

ஜெர்மனியில் ஆள் தேவை உண்மையாகவே இருக்கிறது. கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் அமைப்பு 2021 டிசம்பரில் ஜெர்மனியின் வேலைவாய்ப்புத் துறையோடு 'டிரிபிள் வின்' ஒப்பந்தம் போட்டு நர்ஸ்களை அனுப்பி வருகிறது. ஆனால் ஜெர்மன் மொழி இல்லாமல் ஒன்றும் நடக்காது. கிளம்பும்போது பி1 நிலை வரை, முழு உரிமம் வாங்க பொதுவாக பி2. 'குட்டன் டாக்' என்பதிலிருந்து தொடங்கும் ஒருவருக்கு, வேலை பார்த்துக்கொண்டே பி2 வரை போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. அங்கே போன பிறகும், நம் பாடத்திட்டத்தில் எது குறைகிறது என்று அதிகாரிகள் பட்டியல் போடுவார்கள். அதை ஈடுகட்ட ஒரு பயிற்சிக் காலம் அல்லது ஒரு தேர்வு. முடியும்வரை நர்ஸ் என்ற பதவியும் சம்பளமும் கிடைக்காது, உதவியாளர்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். தெரியாமல் போகிறவர்களுக்கு முதல் ஆறு மாசம் பெரிய அடி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பி.எஸ்சி நர்சிங் படித்த பலர் "முதல்ல உள்ள போயிடலாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பிரிட்டனுக்கு கேர் வொர்க்கர் விசாவில் போனார்கள். கேர் வொர்க்கர் வேலை நர்சிங் அனுபவமாகக் கணக்கில் வராது. அந்த விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே 2025 ஜூலை 22-ம் தேதியோடு பிரிட்டன் நிறுத்திவிட்டது.

எம்.பி.பி.எஸ், பி.டி.எஸ் முடித்தவர்களுக்கு வழி இருக்கிறது, ஆனால் காலமும் பணமும் அதிகம். பி.டி.எஸ் பட்டத்தோடு அமெரிக்கா போகிறவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரியில் மறுபடி 2 அல்லது 3 வருஷம் படிக்க வேண்டும், அதன் கட்டணத்தைக் கேட்டால் தலைசுற்றும். பிரிட்டனில் பிளாப் தேர்வை முடித்த டாக்டர்கள் வேலைக்குக் காத்திருக்கும் நிலை இப்போது சகஜமாகிவிட்டது. பயிற்சி இடங்களில் உள்நாட்டில் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று 2025 ஜூலையில் வெளியான அந்நாட்டு அரசின் சுகாதாரத் திட்டமே சொல்கிறது.

இன்ஜினீயரிங்: உங்கள் கல்லூரி எந்தப் பட்டியலில் இருக்கிறது?

நம் வாசகர்களில் நிறையப் பேரைத் தொடும் இடம் இது. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ள 'வாஷிங்டன் அக்கார்ட்' என்ற உடன்படிக்கை இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஜப்பான் எல்லாம் அதில் உண்டு. 2014 ஜூன் 13-ம் தேதி இந்தியா அதில் முழு உறுப்பினரானது. அன்றிலிருந்து "நம்ம பி.இ உலகம் பூரா செல்லும்" என்ற பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது.

அது பாதி உண்மை. இந்தியாவின் சார்பில் அந்த உடன்படிக்கையில் இருப்பது என்.பி.ஏ எனும் தேசிய அங்கீகார வாரியம். என்.பி.ஏ அங்கீகாரம் பெற்ற படிப்புகளிலும், 'டயர் 1' என்று வகைப்படுத்தப்பட்ட நிறுவனங்களின் படிப்புகள் மட்டுமே வாஷிங்டன் அக்கார்டுக்குள் வருகின்றன. டயர் 1 என்பது சொந்தமாகப் பாடத்திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் சாதாரண இணைவுக் கல்லூரிகள் டயர் 2. அவற்றுக்கு என்.பி.ஏ அங்கீகாரம் இருந்தாலும் அக்கார்டு பொருந்தாது. நூற்றுக்கணக்கான இணைவுக் கல்லூரிகள் இருக்கும் தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, அங்கீகாரம் கல்லூரிக்குக் கிடையாது, படிப்புக்குத்தான். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. அதற்கும் காலக்கெடு உண்டு. நீங்கள் படித்த வருஷங்கள் அந்தக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். என்.பி.ஏ இணையதளத்தில் கல்லூரி, படிப்பு, காலம் மூன்றும் பட்டியலாகவே இருக்கிறது. கல்லூரி பிரசுரத்தில் உள்ள லோகோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சரி, அக்கார்டுக்குள் வரவில்லை என்றால் வெளிநாட்டு வேலையே இல்லையா? அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் குடியேற்றத்துக்குப் பட்டத்தை மதிப்பிடும் 'இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா' அமைப்பு, அக்கார்டு பட்டத்துக்கு எளிய வழியையும் மற்றவர்களுக்கு சி.டி.ஆர் எனும் நீண்ட அறிக்கை வழியையும் வைத்திருக்கிறது. நீங்கள் செய்த திட்டங்களைப் பற்றி நீங்களே விரிவாக எழுத வேண்டும். நெட்டில் காசு கொடுத்து வாங்கிய அறிக்கையைக் கொடுத்து மாட்டிக்கொண்டால் தடை விதிப்பார்கள்.

அமெரிக்காவில் தொழிற்சாலையிலோ கார் கம்பெனியிலோ வேலை பார்க்கும் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர்களில் பெரும்பாலோருக்கு பி.இ எனும் தொழில் உரிமம் தேவைப்படுவதில்லை (நம் பி.இ பட்டம் இல்லை, அங்கே அதுவே உரிமத்தின் பெயர்). பாலமோ கட்டடமோ வடிவமைத்து வரைபடத்தில் முத்திரை வைக்க வேண்டிய சிவில் இன்ஜினீயருக்கு அது தேவை. கனடாவில் 'இன்ஜினீயர்' என்ற பட்டப்பெயரே சட்டப் பாதுகாப்பு உள்ளது, மாகாண அமைப்பில் பதியாமல் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் வெளிநாடு என்று முடிவு செய்து சிவில் எடுக்கிறவர், மெக்கானிக்கல் எடுக்கிறவரைவிட இந்த அங்கீகார விஷயத்தைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

ஐ.டி: உரிமம் இல்லை, ஆனால் பட்டம் பேசும்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் கவலையே இல்லை என்று சொல்லிவிடலாம்தான். வேலைக்கு உரிமம் கிடையாது, எந்த கவுன்சிலிலும் பதிய வேண்டியதில்லை. ஆனால் நம் ஐ.டி அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் சிவில், மெக்கானிக்கல், இ.இ.இ படித்தவர்கள்? நீங்களே உங்கள் டீமை எண்ணிப் பாருங்கள்.

அவர்களுக்குப் பிரச்சினை விசா கட்டத்தில் வருகிறது. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு, பார்க்கும் வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ள பட்டம் வேண்டும். சிவில் படித்த டெவலப்பருக்கு அந்தத் தொடர்பைக் காட்ட வக்கீல் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், கேள்வி வரும் வாய்ப்பும் அதிகம். ஆஸ்திரேலியாவில் ஐ.டி வேலைகளை மதிப்பிடும் ஏ.சி.எஸ், பட்டம் ஐ.டி சார்ந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து உங்கள் அனுபவத்தில் சில வருஷங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஜெர்மனி இங்கே கொஞ்சம் தாராளம். 2023 நவம்பரில் அமலான மாற்றத்தின்படி, ஐ.டி நிபுணர்களுக்கு பட்டமே இல்லாவிட்டாலும், கடந்த 7 வருஷத்தில் 3 வருஷ அனுபவமும் அதற்கேற்ற சம்பளமும் இருந்தால் ப்ளூ கார்டு கிடைக்கும். பற்றாக்குறைத் தொழில்களுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் 2025-ல் ப்ளூ கார்டுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 43,759.80 யூரோ, மற்றவர்களுக்கு 48,300 யூரோ. இந்தத் தொகை ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்.

மெக்கானிக்கல் படித்து ஐ.டி-யில் 3, 4 வருஷம் இருப்பவர் முதுகலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அது கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது டேட்டா சார்ந்ததாக இருந்தால் பட்டத்துக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளி அதோடு மூடப்பட்டுவிடும். எம்.பி.ஏ போனால் அந்த இடைவெளி அப்படியே இருக்கும்.

மூன்று வருஷப் பட்டம் என்ன ஆகும்?

பி.காம், பி.எஸ்சி, பி.சி.ஏ படித்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் 4 ஆண்டு. எச்-1பி கணக்கில் நம் 3 ஆண்டுப் பட்டம் மட்டும் அதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. துறை அனுபவத்தில் 3 வருஷத்தை ஒரு வருஷப் படிப்பாகக் கணக்கிடும் வழி எச்-1பி-யில் உண்டு. ஆனால் பின்னால் கிரீன் கார்டுக்குப் போகும்போது இந்தக் கூட்டல் கணக்கு எல்லாப் பிரிவிலும் எடுபடாது. அங்குள்ள பல்கலைக்கழகங்களிலும் பல, எம்.எஸ் சேர்க்கைக்கு 16 ஆண்டுக் கல்வி கேட்கின்றன. 12 + 3 என்றால் 15.

யு.ஜி.சி 2022 டிசம்பரில் வெளியிட்ட புதிய இளநிலைக் கட்டமைப்பில் 4 ஆண்டு ஹானர்ஸ் படிப்பு இருக்கிறது. ஆனால் எல்லா மாநிலங்களிலும், எல்லாக் கல்லூரிகளிலும் அது இல்லை. இல்லாத இடத்தில் பி.சி.ஏ + எம்.சி.ஏ, பி.எஸ்சி + எம்.எஸ்சி என்று இந்தியாவிலேயே முதுகலையை முடித்துக்கொள்வது பழைய வழிதான், இன்றும் செலவு குறைந்த வழி. பி.காம்காரர்களுக்கு சி.ஏ நல்ல பலம். பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் கணக்காளர் அமைப்புகளோடு ஐ.சி.ஏ.ஐ உடன்பாடு வைத்திருப்பதால் சில தாள்களில் விலக்கு கிடைக்கும்.

எம்.எஸ் படிக்கப் போகிறீர்களா? பெயரை விட்டுவிட்டு கோடைப் பாருங்கள்

அமெரிக்காவில் படித்து முடித்ததும் ஓ.பி.டி எனும் அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். ஸ்டெம் பிரிவுப் படிப்பு என்றால் மேலும் 24 மாதம். ஒரு படிப்பு ஸ்டெம்மா இல்லையா என்பதை அதன் பெயர் முடிவு செய்வதில்லை, சி.ஐ.பி எனும் ஆறு இலக்கக் குறியீடு முடிவு செய்கிறது. பிசினஸ் அனலிடிக்ஸ் என்ற ஒரே பெயரில் ரெண்டு பல்கலைக்கழகங்கள் படிப்பு நடத்தலாம். ஒன்று ஸ்டெம் கோடில் இருக்கும், இன்னொன்று பொது நிர்வாகவியல் கோடில் இருக்கும். ஃபீஸ் ஏறக்குறைய ஒன்று. ஒருவருக்கு 3 வருஷம், இன்னொருவருக்கு 1 வருஷம். எச்-1பி குலுக்கலில் மூன்று முறை முயல்வதற்கும் ஒரே முறை முயல்வதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஐ-20 படிவத்தில் இந்தக் கோடு அச்சாகியிருக்கும். அதற்கு முன்னாலேயே, விண்ணப்பிக்கும் கட்டத்தில், துறைக்கு ஒரு மெயில் அனுப்பிக் கேட்கலாம். பதில் சொல்வார்கள்.

எச்-1பி பற்றியும் கொஞ்சம். ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து அழைத்துவரப்படும் புதிய எச்-1பி பணியாளர்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் அரசு அறிவித்தது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. இந்தியாவிலிருந்து கம்பெனி மூலமாக நேராகப் போகும் பழைய பாதை இதனால் சுருங்கியிருக்கிறது. படிக்கப் போகும் பாதை இன்னும் இருக்கிறது, ஆனால் கடன் வாங்கிப் போகிறவர் "எச்-1பி கிடைக்காவிட்டால் 3 வருஷ ஓ.பி.டி சம்பளத்தில் கடன் அடையுமா?" என்று கணக்குப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

கனடா 2024-ல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ம் தேதிக்குப் பின் விண்ணப்பித்து காலேஜ் டிப்ளமோ படிக்கப் போகிறவர்களுக்கு, குறிப்பிட்ட துறைகளாக இருந்தால் மட்டுமே படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி. அந்தத் துறைப் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. இளநிலை, முதுகலைப் பட்டங்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. இங்கே பி.இ முடித்துவிட்டு அங்கே போய் ஏதோ ஒரு ஒரு வருஷ டிப்ளமோவில் சேரும் பழக்கத்தை இனி மறந்துவிடலாம்.

பிரிட்டனில் கிராஜுவேட் விசா 2 ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அதன்பின் தங்க வேண்டும் என்றால் ஸ்கில்டு வொர்க்கர் விசா. அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. மார்க்கெட்டிங், எச்.ஆர் போன்ற துறைகளில் முதல் வேலையிலேயே அந்தச் சம்பளம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஓராண்டு முதுகலை என்பதால் செலவு குறைவு என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வேலை தேடக் கிடைக்கும் காலமும் குறைவு.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ் சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆங்கிலத்திலேயே எம்.எஸ் முடித்துவிடலாம், ஆனால் சாஃப்ட்வேருக்கு வெளியே வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே "ஜெர்மன் எவ்வளவு வரும்?" என்பதுதான். அந்த 2 வருஷத்தில் மொழியைத் தள்ளிப்போட்டவர்கள் கடைசி செமஸ்டரில் புலம்புவதை நிறையவே கேட்டிருக்கிறேன்.

நீங்களே சரிபார்ப்பது எப்படி?

இதற்கு கன்சல்டன்சி வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் நீங்கள் பார்க்க நினைக்கும் வேலையின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், படிப்பின் பெயரை அப்புறம் பார்க்கலாம். அந்த நாட்டில், கூட்டாட்சி என்றால் அந்த மாநிலத்தில், அது உரிமம் தேவைப்படும் தொழிலா என்று அரசுத் தளத்தில் பாருங்கள். ஆம் என்றால் உரிமம் தரும் அமைப்பின் தளத்தில், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பக்கத்தைப் படியுங்கள். எத்தனை ஆண்டுப் பாடத்திட்டம், எந்த அங்கீகாரம், எத்தனை வருஷ அனுபவம், எந்த மொழித் தேர்வு. இந்த நான்குக்கும் பதில் அங்கேயே இருக்கும்.

ஜெர்மனிக்கு 'அனாபின்' என்ற இலவசத் தரவுத்தளம் உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எச்+ என்று இருக்கிறதா, உங்கள் பட்டம் சமமானதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணைவுக் கல்லூரியில் படித்தவர்கள் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும். பட்டியலில் இல்லாவிட்டால் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம்.

கல்வி ஆலோசகர்களில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பலருக்கு வருமானம், மாணவரைச் சேர்த்துவிடுவதற்கு அந்தப் பல்கலைக்கழகம் தரும் கமிஷன். கமிஷன் தராத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தை அவர் ஏன் உங்களுக்குச் சொல்லப் போகிறார்? வேலைக்கே நேரடியாக ஆள் எடுக்கும் ஏஜென்ட் என்றால் விதி வேறு. 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான். 3 லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் இருக்கிறது. நர்ஸ்கள் அங்கே வரும் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்றே தொடங்க வேண்டிய இரண்டு வேலைகள்

ஒன்று, பெயர். நம்மவர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல், டிகிரியில் பின்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. டேட்டாஃப்ளோ, என்க்ளெக்ஸ், பட்ட மதிப்பீடு எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும் என்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைவதற்கே இரண்டு மாதம் போகும். ஆஃபர் வந்தபிறகு இதைச் சரிசெய்ய முயல்வது கொடுமை.

இரண்டு, பாடத்திட்டம். உரிமம் தரும் அமைப்புகள் மார்க் ஷீட்டோடு நிற்பதில்லை. நீங்கள் படித்த வருஷத்து சிலபஸ், பாடம் வாரியாக எத்தனை மணி நேரம், நர்சிங் என்றால் எந்த வார்டில் எத்தனை மணி நேரப் பயிற்சி என்றெல்லாம் கேட்கும். சில அமைப்புகள், டிரான்ஸ்கிரிப்ட் உங்கள் கையைத் தொடாமல் பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த கவரிலோ ஆன்லைனிலோ நேராக வர வேண்டும் என்கின்றன. கல்லூரியில் உங்களுக்குத் தெரிந்த எச்.ஓ.டி-யும் ஆபீஸ் அண்ணாவும் அதே இடத்தில் இருக்கும்போதே அந்த சிலபஸ் புத்தகத்தில் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேஷன் மாறி, பழைய சிலபஸ் ஆபீஸ் அலமாரியிலிருந்து காணாமல் போனபிறகு கேட்டால், அதை யாரும் தேடித் தரமாட்டார்கள்.